இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு எனக்கு வந்த 37,760 ரூபாய் பில்

நிரல் எழுதிப் பொதுவில் திறந்துவிடப் போகிறீர்கள் என்றால், அதுவும் தமிழ் சார்ந்த ஒன்றைத் தனியாளாக நின்று செய்யப் போகிறீர்கள் என்றால், கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூலம் நல்லது, பகிர்வது நல்லது, தமிழுக்குச் செய்வது புண்ணியம் என்று எனக்குச் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். சர்வர் பில் எப்படி ஏறும், முகம் தெரியாதவர்கள் கூட்டமாக வந்து திட்டினால் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. 2024ஆம் வருட நடுவில் நடந்தது இது. இப்போதுதான் கோபமில்லாமல் எழுத வருகிறது. கொஞ்சம் மிச்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆய்வேடு என்று எல்லாம் அடித்திருக்கிறேன். பிறகு பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அச்சகத்து ஆட்கள் விடவில்லை. “அக்கா, பழைய ஃபைல் பூரா பாமினியில கெடக்கு. இப்ப எல்லாரும் யூனிகோட்ல கேக்குறாங்க. திரும்ப அடிக்க ஆள் இல்ல, எதாச்சும் பண்ணிக் குடுங்க” என்று ஒரு தம்பி கேட்டான். அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தத் தலைவலி தெரியாதவர்களுக்கு: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பிடித்துவிட்டது, தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் அச்சகங்களின் பழைய ஹார்ட் டிஸ்குகளில் பாமினி, வானவில், டேப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் புத்தகங்கள் உறங்குகின்றன. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினியின் ஆட்சி இன்னும் பெரிது.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியாது. பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ‘கௌ’வின் கடைசித் துண்டும் ‘ள’வும் ஒரே விசை. எல்லாவற்றையும் ஔகாரம் என்று எடுத்துக்கொண்டால் கௌரவம் சரியாக வரும், வெள்ளாடு செத்துவிடும். ஔவையார் எனக்குக் கொடுத்த தொல்லை தனி. அவர் பெயரில் ‘ள’வுக்கு அடுத்து வரும் ஐகாரக் கொம்பு உண்மையில் ‘வ’வுக்குச் சொந்தம். முதலில் கொம்புகளை இடம் மாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் ஔகாரத்தைத் தேட வேண்டும். வரிசை மாறினால் பாட்டி ஔவையாக இருக்க மாட்டார். நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். ஆகவே கோப்பைத் திறந்து, எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு போட்டிருக்கிறது என்று பார்த்து, பாமினித் துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து இதைச் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் ‘நாலு வரி நிரலுக்கு இவ்வளவு அலட்டலா’ என்று ஒருவர் கேட்டார், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

நிரலைப் பொதுவில் போட்டேன், உரிம வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு. எம்ஐடி உரிமம். கணினி தெரியாதவர்களுக்காக ஒரு வலைப்பக்கமும் வைத்தேன்: கோப்பை ஏற்று, பொத்தானை அழுத்து, மாறிய கோப்பை இறக்கிக்கொள். மாற்றும் வேலை என் சர்வரில் நடக்கும். மாதம் நானூறு ரூபாய் போல ஆகும், போனால் போகட்டும் என்று என் கார்டிலேயே கட்டினேன். நன்றி சொல்லி மடல்கள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அச்சகக்காரர் “தங்கச்சி, எங்கட பழைய மலரெல்லாம் திரும்பவும் உயிரோட வந்திட்டுது” என்று எழுதினார். அதைப் பல நாள் எடுத்து எடுத்துப் படித்தேன். மற்றவர்களில் பாதிப் பேர் என்னை ‘ப்ரோ’ என்றார்கள், மீதிப் பேர் ‘சார்’. திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மாதம் பில் 32,000 ரூபாய்க்கு வந்தது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 37,760. என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். முதலில் ஏதோ மோசடி மடல் என்றுதான் நினைத்தேன். கணக்கைத் திறந்து பார்த்ததும் கை வெலவெலத்துவிட்டது. வீட்டில் உடனே சொல்லவில்லை. ஒரு நல்ல விஷயம், 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஓடிபி இல்லாமல் கார்டிலிருந்து தானாக எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதனால் பணம் போகவில்லை, பாக்கி என்று நின்றது. அந்த விதியைச் சலித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அன்றைக்குக் கும்பிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், பணம் இங்கேதான் போகிறது. மேகச் சேவைகளில், அதாவது சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களிடம், ‘பட்ஜெட்’ என்று ஒன்றைக் குறித்து வைக்கலாம். ஆயிரம் ரூபாய் என்று குறித்தால் ஆயிரத்தில் நின்றுவிடும் என்று பெயரைப் பார்த்தால் தோன்றும். பொதுவாக அது நிறுத்தாது, ஒரு மடல் மட்டும் அனுப்பும். எனக்கும் அனுப்பியிருந்தது, விளம்பர மடல்களோடு போய் ஒளிந்துகொண்டது. போதாததற்கு, கூட்டம் கூடினால் தானே இன்னொரு இயந்திரத்தை எழுப்பிக்கொள்ளும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது வரம், கைக்காசில் நடத்துபவர்களுக்கு அது திறந்துவிட்ட மடை. தனியாளாக நடத்துகிறீர்கள் என்றால் அந்த வசதியை அணைத்து வையுங்கள். கூட்டம் வந்தால் தளம் படுத்துக்கொள்ளட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்னும் நல்லது, மாத வாடகை இவ்வளவுதான் என்று நிலையாக இருக்கும் சிறிய சர்வரை எடுத்துக்கொள்வது. ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்ற வரம்பையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எங்கிருந்து என்ன கோரிக்கை வந்தது என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டைத் துருவினேன். கோரிக்கைகளில் பெரும்பகுதி ஒரே சாயலில் இருந்தது. மனிதர்கள் உலாவியில் அனுப்புபவை இல்லை, ஏதோ செயலியிலிருந்து வருபவை. தேடிப்போனால், மாதச் சந்தா வாங்கிக்கொண்டு ‘தமிழ் எழுத்துரு மாற்றி’ தரும் ஒரு கைபேசிச் செயலி. பெயர் வேண்டாம். என் பழைய கைபேசியில் அதை நிறுவி, வெளியே எங்கே பேசுகிறது என்று பார்த்தேன். என் சர்வரோடு. நிரலை எடுத்துத் தங்கள் சர்வரில் ஓட்டியிருந்தால் எனக்கு ஒரு பைசா செலவில்லை, எம்ஐடி உரிமம் அதை அனுமதிக்கிறது. அந்தச் சிரமம்கூடப் படாமல், என் வலைப்பக்கம் உள்ளே கூப்பிடும் முகவரியையே எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் சொம்போடு வருகிறவர், குடத்தோடு வருகிறவர் எல்லோரையும் எதிர்பார்க்கலாம். லாரியைக் கொண்டுவந்து குழாய் மாட்டி, பக்கத்துத் தெருவில் விற்பார்கள் என்று யார் நினைப்பார்?

பணத்தைவிட என்னை உலுக்கியது வேறு. அந்தச் செயலியை நம்பி மக்கள் என்னென்னவோ கோப்புகளை ஏற்றியிருப்பார்கள். பாமினியிலும் வானவில்லிலும் கிடப்பவை கோயில் நோட்டீஸ் மட்டுமில்லை. பத்திரம், வக்கீல் நோட்டீஸ், உயில், பிரமாண வாக்குமூலம் எல்லாம் உண்டு. அவை மதுரையில் இருக்கும் ஒருத்தியின் சர்வருக்குப் போகின்றன என்று அந்தச் சந்தாதாரர்களுக்குத் தெரியாது. மாற்றியதும் கோப்பை அழித்துவிடும்படிதான் எழுதியிருந்தேன், நல்லவேளை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருந்தாலும் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. சட்டம் கிடக்கட்டும், ஒருவருடைய உயில் என் கணினி வழியாகப் போய் வந்திருக்கிறது என்ற நினைப்பே வயிற்றைப் பிசைந்தது.

சர்வரை மூடினேன். மூடிய சில மணி நேரத்தில் ஒரு மடல். “டியர் சார், உங்கள் ஏபிஐ வேலை செய்யவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள். அவசரமாகச் சரிசெய்யவும்.” அந்தச் செயலி நிறுவனத்தின் உதவிப் பிரிவிலிருந்துதான். ஏபிஐ என்று அவர்கள் சொன்னது, செயலிக்குள் எடுத்து வைத்துக்கொண்ட என் முகவரியை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்ல் என்ற கருவியை எழுதிப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெரிக்கு 2022 ஜனவரியில் ஒரு மாபெரும் நிறுவனத்திலிருந்து மடல் வந்தது, லாக்4ஜே என்ற வேறொரு மென்பொருளில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை பற்றிய கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று. அவருடைய கருவிக்கும் லாக்4ஜேவுக்கும் சம்பந்தமே இல்லை, அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததுமில்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். நானும் அதே தொனியில் எழுதினேன்: இது நான் கைக்காசில் நடத்திய பக்கம், உங்களுக்கும் எனக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை, இதுவரை ஆன செலவு இவ்வளவு, எப்போது தருவீர்கள்? பணம் வரவில்லை. வாரக்கணக்கில் பேச்சில்லை. கடைசியில், செயலியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் பொடி எழுத்தில் என் பெயரும் உரிம வாசகமும் ஏறின. நிரலை எடுத்துத் தங்கள் செயலியில் வைப்பவர்களிடம் எம்ஐடி உரிமம் கேட்பது அது ஒன்றைத்தான்.

இதற்கிடையில் என் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன். இணையச் சேவையை நிறுத்துகிறேன், காரணம் இது, அடுத்த பதிப்பிலிருந்து நிரல் ஏஜிபிஎல் உரிமத்தில் வரும் என்று. நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துபவர்கள் மாற்றிய நிரலையும் பயனர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அந்த உரிமம். மூன்று விஷயம் சொல்லியிருந்தேன். படித்தவர்கள் கண்ணில் பட்டது மூன்றாவது மட்டும். அன்று ராத்திரியே பஞ்சாயத்து கூடிவிட்டது.

எத்தனை கட்சி! ‘கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கணக்குப் பார்ப்பவர்கள் எம்ஐடி போடக் கூடாது’ என்று ஒரு கட்சி. ‘முதலிலேயே ஜிபிஎல் போடாமல் முதலாளிகளுக்கு ஊழியம் செய்தது உன் குற்றம்’ என்று எதிர்க்கட்சி (ஜிபிஎல்லில் வந்த நிரலை மாற்றிப் பகிர்பவர் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்). ‘எலாஸ்டிக் 2021இல் செய்ததும் ரெடிஸ் மார்ச்சில் செய்ததும் இதுதான், வளர்ந்ததும் பூட்டுப் போடுகிறார்கள்’ என்று மூன்றாவது. அந்த ஒப்பீடு தவறு. தரவுத் தேடலுக்கும் சேமிப்புக்கும் மென்பொருள் தரும் அந்த இரண்டு நிறுவனங்களும் அப்போது போனது, எது திறமூலம் என்று வரையறுக்கும் அமைப்பான திறமூல முனையம் ஏற்காத உரிமங்களுக்கு. அதனால்தான் அவற்றின் பழைய நிரலை எடுத்து மற்றவர்கள் நடத்தும் ஓப்பன்சர்ச்சும் வால்கீயும் பிரிந்து போயின. ஏஜிபிஎல் அந்த முனையமே ஏற்றது, 2007இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்டது. இதையெல்லாம் பொறுமையாக எழுதினேன். ஒருவர் “தமிழுக்குச் செய்வதைக் காசாக்கப் பார்க்கிறார், தமிழை விற்கிறார்” என்று எழுதினார். அதற்கு இருநூற்றுச் சொச்சம் விருப்பக்குறி. அவற்றைக் குத்தியவர்களில் சிலர் என்னிடம் கோப்பு மாற்றி வாங்கிக்கொண்டவர்கள். மற்ற எந்த நிரலாக இருந்தாலும் இந்த அடி விழாது. தமிழ் என்று வந்துவிட்டால் கைங்கர்யம், அதற்குக் கூலி கேட்டால் பாவம். அச்சகத்தில் நாள் முழுக்கத் தமிழ் அடித்துத்தான் சம்பளம் வாங்கினேன், அப்போது யாரும் என்னைத் தமிழை விற்கிறவள் என்று சொன்னதில்லை.

எனக்குச் சாதகமாகப் பேசியவர்கள் சொன்னதெல்லாம் சரி, எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ‘வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது’ என்று என் பக்கம் நின்ற ஒருவர் சொன்னார். சேர்த்தால் அது திறமூலமே ஆகாது, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்பது திறமூல வரையறையின் பத்து விதிகளில் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டியவர் என்னைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பிதான். திட்டு வேறு, விஷயம் வேறு. பிரித்தெடுக்க முடிந்தால் கூட்டத்திலும் ஒன்றிரண்டு பேரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அத்தனை சண்டையிலும் ஒருவர்கூடப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. என் பில்லுக்கும் உரிமத்துக்கும் சம்பந்தமே இல்லை! எம்ஐடி, ஜிபிஎல், ஏஜிபிஎல் எல்லாம் நிரலை நகலெடுப்பது, மாற்றுவது, பகிர்வது பற்றிப் பேசுபவை. என் காசில் ஓடும் இயந்திரத்தை யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று எந்த உரிமமும் சொல்லாது. அதற்குத் தனியாகச் சேவை நிபந்தனை எழுதி வைக்க வேண்டும், நுழைவுச் சாவி கொடுக்க வேண்டும், வரம்பு போட வேண்டும். முதல் நாளிலிருந்தே ஏஜிபிஎல் இருந்திருந்தாலும் 37,760 ரூபாய் பில் அப்படியேதான் வந்திருக்கும். ஒரு சட்டம் படித்த தோழி இதைப் போனில் இரண்டு நிமிடத்தில் சொன்னாள். “ஏண்டி, உன் வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டு, புஸ்தகத்துல காப்பிரைட் பக்கத்த மாத்திக்கிட்டு இருக்க?” நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள், ஆளுக்கு ஆள் சுதந்திரத்துக்கு விளக்கவுரை, யாருக்கும் பில் கண்ணில் படவில்லை. முன்பின் தெரியாதவர்களின் உயில்கள் வேறொருவர் சர்வருக்குப் போன விஷயமும் படவில்லை. உரிமச் சண்டை எல்லோருக்கும் முன்பே மனப்பாடமாகத் தெரிந்த கூத்து. வேஷம் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை.

உரிமம் மாற்றுவது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வேலைக்காக இல்லாமல் சொந்தமாக நிரல் எழுதினால், எழுதிய கணத்திலேயே அதன் பதிப்புரிமை உங்களுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்திருக்கிறது, பதிவு கட்டாயமில்லை. உங்களுக்குத் திருத்தம் அனுப்பியவர்களின் பகுதி அவரவருடையது. எம்ஐடியில் வந்த திருத்தங்களை ஏஜிபிஎல் திட்டத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், அவர்களின் பதிப்புரிமை வாசகத்தை மட்டும் நீக்கக் கூடாது. ஏற்கெனவே எம்ஐடியில் வெளியிட்ட பதிப்பு வெளியிட்டதுதான், அதைத் திரும்ப வாங்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டையில் நீங்கள் வாய் திறக்கவே தேவையிருக்காது.

நடுக்கம் கொடுத்தது அடுத்து நடந்தது. யாரோ என் அலுவலகத்தைக் கண்டுபிடித்து, ‘உங்கள் ஊழியர் அலுவலக நேரத்தில் சொந்த மென்பொருள் எழுதுகிறாரா, அது உங்கள் உடைமையா’ என்று மனிதவளப் பிரிவுக்கு மடல் போட்டுவிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாம் வீட்டில், என் சொந்தக் கணினியில் எழுதியவை. ஆனால் என் பணி ஒப்பந்தத்தில், வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற தொனியில் ஒரு பத்தி இருந்தது. கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறார்கள்? மேலாளர் நல்ல மனிதர், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் வேறு மாதிரி இருந்திருந்தால் வேலையோ நிரலோ ஒன்று போயிருக்கும். நிரலை வெளியிடும் முன்பே உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். ‘இன்ன பொழுதுபோக்குத் திட்டம், சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில்’ என்று ஒரு மடல் அனுப்பி, சரி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை இல்லாதபோது கேட்டால் ஒரு வரியில் சரி என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் அன்பாக வந்தார். உங்கள் களைப்புப் புரிகிறது, திருத்தங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், வெளியிடும் அனுமதியை மட்டும் கொடுங்கள் என்றார். அனுப்பிய திருத்தங்களும் தரமாகவே இருந்தன. டேப் குறியாக்கத்தில் நான் பல மாதமாகத் தள்ளிப்போட்ட ஒரு பிழையைச் சரிசெய்திருந்தார். கூடவே வேறு இரண்டு பேர் வந்து, இவருக்கு ஏன் அனுமதி கொடுக்கக் கூடாது, திட்டத்தை ஏன் சாகடிக்கிறீர்கள் என்று நெருக்கினார்கள். வேறு வருடமாக இருந்தால் கண்ணீர் மல்கக் கொடுத்திருப்பேன். ஆனால் எக்ஸ்இசட் விவகாரம் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பின்லாந்துக்காரர் லாஸ்ஸே கோலின் தனியாகப் பராமரித்த, கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார். 2022இல் வேறு சில பெயர்களில் சிலர் வந்து, வேலை நகரவில்லை, பொறுப்பைக் கைமாற்றுங்கள் என்று கோலினை அழுத்தினார்கள். மனநலச் சிரமம் இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் விடவில்லை. கடைசியில் ஜியா டானுக்கு இணைப் பொறுப்பும் வெளியிடும் அனுமதியும் கிடைத்தன. 2024 தொடக்கத்தில் வெளியான பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு இருந்தது. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் துருவியதால், மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. இல்லையென்றால் எண்ணற்ற சர்வர்களுக்குள் போயிருக்கும்.

என் சின்ன எழுத்துரு மாற்றியில் அவ்வளவு பெரிய ஆட்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் வக்கீல் அலுவலகங்களும் பத்திரம் எழுதுபவர்களும் பயன்படுத்தும் கருவி. கொடுக்கவில்லை. திருத்தங்களை நானே பார்த்துச் சேர்க்கிறேன், வெளியீட்டு அனுமதி இப்போதைக்கு இல்லை, ஒரு காணொளி அழைப்பில் பேசலாமா என்று எழுதினேன். அவர் பதில் போடவில்லை. போய்விட்டார். கெட்ட எண்ணத்தோடு வந்தவரா, அல்லது கல்லூரியில் படிக்கும் கூச்ச சுபாவமுள்ள ஒரு பிள்ளை அவமானப்பட்டுப் போய்விட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் ஒரு நல்ல கையை இழந்தேன். எக்ஸ்இசட்டின் உண்மையான சேதத்தில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன், உதவிக்கு வருகிறவரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது, பொறுப்பைக் கொடுக்கும் முடிவைக் களைத்திருக்கும்போது எடுக்காதீர்கள். யாராவது அவசரப்படுத்தினால் அதையே தாமதிக்கக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்த, பழகிய ஒருவரை இரண்டாவது ஆளாக நல்ல நாளிலேயே சேர்த்து வையுங்கள். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் பயனர் குழுக்கள் கூடுகின்றன, தமிழில் கட்டற்ற மென்பொருளை வளர்க்கும் கணியம் அறக்கட்டளைக்காரர்கள் இருக்கிறார்கள், போய் முகம் காட்டுங்கள். எனக்கு இரண்டாவது ஆள் கிடைத்தது அப்படி ஒரு கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

பில் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மேகச் சேவைக்காரர்களின் ஆதரவுப் பிரிவுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். பதிவேட்டு ஆதாரம், சர்வரை மூடிய நேரம், இனி நடக்காமலிருக்க என்ன செய்தேன் என்பதெல்லாம் வைத்தேன். அழவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பாதியைத் தள்ளிவிட்டார்கள். 18,880 ரூபாய் கட்டினேன். முதல் தடவை என்றால் பேசிப் பார்ப்பதில் தப்பில்லை, பாக்கியை அப்படியே விட்டுவிட்டு ஓடாமல் உடனே எழுதுங்கள். இது தவிர, அந்த வாரங்களில் ஒத்துக்கொண்டிருந்த ஒரு புத்தக வடிவமைப்பு வேலை கைநழுவியது, அது ஒரு பன்னிரண்டாயிரம். ராத்திரி ஒரு மணிக்குக் கைபேசியைத் திறந்து யார் என்ன திட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் மட்டும் போவதற்கு வெகுநாள் ஆனது. “போனக் கொண்டாந்து சாமி ரூம்ல வச்சுட்டுப் படு” என்று அம்மா சொன்னதுதான் வேலை செய்தது.

இப்போது சர்வரே இல்லை. மாற்றும் வேலை முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுதி, பயனரின் உலாவிக்குள்ளேயே நடக்கும்படி செய்துவிட்டேன். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு என்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் மூட்டைதான், உலாவியே அவிழ்த்துப் படித்துவிடும். யாருடைய உயிலும் அவரவர் கணினியை விட்டு வெளியே போவதில்லை. நான் வைத்திருப்பது வெறும் நிலையான பக்கங்கள், அவற்றை இலவசமாகவே ஏற்றி வைக்க இடங்கள் உண்டு. டொமைன் பெயருக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டுகிறேன். புதிதாக ஏதாவது கட்டுகிறீர்கள் என்றால் முதல் கேள்வியாக இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், இது பயனரின் கணினியிலேயே நடக்க முடியுமா? முடியுமென்றால் சர்வர் வேண்டாம்.

சண்டைகளுக்கு இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முடிவையும் காரணத்தையும் ஒரே இடத்தில், ஒரு தடவை, முழுமையாக எழுதுவேன். கேள்வி வந்தால் அந்த இணைப்பைக் கொடுப்பேன். தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன். தனிப்பட்ட வசைக்குப் பதில் கிடையாது, அந்த இழையைப் பூட்டிவிடுவேன். அறிவிப்பு என்றால் ஒன்றில் ஒரு விஷயம்தான், மூன்றைச் சேர்த்து எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எதையும் அறிவிக்க மாட்டேன், சனி ஞாயிறு பஞ்சாயத்துக்கு ஆள் அதிகம். ‘இந்த நிரலை நான் தனியாகப் பிரித்து நடத்திக் காட்டுகிறேன்’ என்று அன்றைக்குச் சூளுரைத்துப் பிரிந்த மூன்று பிரதிகளையும் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். மூன்றிலும் கடைசி மாற்றம் பெயர்ப்பலகையை மாற்றியதுதான்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பை நேராக மாற்றித் தர முடியுமா என்று கேட்டு இன்னமும் மடல்கள் வருகின்றன. முடியாது. பேஜ்மேக்கரிலேயே திறந்து, உரையை மட்டும் ஆர்டிஎஃப் வடிவில் ஏற்றுமதி செய்து, லிப்ரே ஆபிஸில் டாக்எக்ஸாகச் சேமித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ப்ரோ.